யூரோவிஷன் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

யூரோவிஷன் பாட்டுப் போட்டியை முதல் தடவை பார்ப்பவர்களின் கண் பாடகரிடம் போகும், உடையிடம் போகும், மேடையில் சீறும் நெருப்பிடம் போகும். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்ன வீடியோவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்துப் பாடப்போகிறவர் ஏதோ ஓர் ஊரில் படகில் போவார், மலையேறுவார், சிரிப்பார். சுமார் 40 நொடியில் முடிந்துவிடும். அந்த வீடியோவுக்குப் போஸ்ட்கார்டு என்று பெயர். போட்டியின் உண்மையான உழைப்பைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்குவதே நல்லது. ஏனென்றால் அந்த 40 நொடிக்குள், நமக்குக் காட்டப்படாத மேடையில், முந்தைய நாட்டின் பொருள்கள் மொத்தமும் வெளியே போய், தரை துடைக்கப்பட்டு, அடுத்த நாட்டின் பொருள்கள் உள்ளே வந்து, பாடகர் தன் இடத்தில் நின்றுவிட வேண்டும்.

முதலில் போட்டி என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு இது தொடங்கியது. நடத்துவது ஜெனீவாவில் உள்ள ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். 1974இல் ஸ்வீடனின் அபா குழு, 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய செலின் டியோன் என்று உலகம் அறிந்த பலர் இதில் வென்றவர்கள். ‘நாடுகள் போட்டியிடுகின்றன’ என்று நாம் சொன்னாலும், பெயர் கொடுப்பது அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம்தான். பிரிட்டனுக்கு பிபிசி, இத்தாலிக்கு ராய், ஸ்வீடனுக்கு எஸ்விடி. வென்ற நாட்டின் நிறுவனம் அடுத்த ஆண்டு போட்டியை நடத்துவது வழக்கம். 2022இல் உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா வென்றது. போர் காரணமாக அங்கே நடத்த முடியாமல் போனதால், உக்ரைன் சார்பில் பிபிசி 2023இல் லிவர்பூலில் நடத்தியது. ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் ஆஸ்திரேலியாகூட 2015இல் உள்ளே வந்தது. அந்த நாட்டின் முதல் போட்டியாளர் கை செபாஸ்டியன் பிறந்தது மலேசியாவின் கிள்ளானில் என்பது நம் வாசகர்கள் சிலருக்கு இனிக்கும் செய்தி.

சரி, விதிகளுக்கு வருவோம். பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 1957இல் இத்தாலியின் பாட்டு 5 நிமிடத்துக்கு மேல் நீண்டது. அதன் பிறகுதான் நேர விஷயத்தில் கண்டிப்பு கூடியது. மேடையில் 6 பேருக்கு மேல் நிற்க முடியாது. பாடகருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். உயிருள்ள விலங்குகளுக்கு அனுமதி இல்லை. தலைமைக் குரல் கட்டாயம் நேரடியாக ஒலிக்க வேண்டும். வாத்திய இசை முழுக்கப் பதிவு செய்தது. மேடையில் கிடார் வாசிப்பவரும் டிரம் அடிப்பவரும் நடிக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் ‘அப்படியென்றால் இது ஏமாற்று இல்லையா?’ என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் போட்டியின் இன்றைய உருவமே அந்த ஒரு விதியிலிருந்து பிறந்ததுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

1998 வரை யூரோவிஷனில் ஆர்கெஸ்ட்ரா இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் இசை நடத்துநரைக் கூட்டிக்கொண்டு வரும். 1974இல் அபாவுக்கு நடத்துநராக வந்தவர் நெப்போலியன் வேடத்தில் வந்து நின்றார். பாடகர் பதற்றத்தில் ஒரு வரியை இழுத்துவிட்டால் நடத்துநர் கையைத் தாழ்த்தி ஆர்கெஸ்ட்ராவை மெதுவாக்குவார். பாடகரின் மூச்சுக்கு இசை வளைந்து கொடுக்கும். 1999இல் ஜெருசலேமில் நடந்த போட்டியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா இல்லை, பதிவு செய்த இசை மட்டும்தான். இப்போது பாடகர் தவறினால் இசை காத்திருக்காது. அது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று கிடைத்தது. பதிவு செய்த இசை ஒவ்வொரு தடவையும் நொடி பிசகாமல் ஒரே மாதிரி ஓடும். அப்படி ஓடும் ஒன்றின் மேல் நேரக்குறியை, அதாவது எந்தக் கணம் ஓடுகிறது என்று கருவிகளுக்குச் சொல்லும் குறியை, பதித்துவிடலாம். அந்த நேரக்குறியோடு விளக்குகளைக் கட்டலாம், திரையில் ஓடும் படத்தைக் கட்டலாம், நெருப்பைக் கட்டலாம், கேமரா மாறும் கணத்தையும் கட்டலாம். பாட்டின் 47ஆவது நொடியில் பாடகர் இடது பக்கம் திரும்பினால், அதே கணத்தில் இடது பக்கக் கேமராவுக்குப் படம் மாறும், பின்னால் விளக்கு நிறம் மாறும். இந்தக் கேமரா வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்து, நேரலையில் தானாக மாற்றுவதற்கு க்யூபைலட் என்ற டென்மார்க் மென்பொருள் பயன்படுகிறது. கேமராக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் உள்ள திரையில் அடுத்த ஷாட் எது, இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்று பார்த்தபடி நகர்கிறார்கள். ஆக, அந்த 3 நிமிடத்தில் எல்லாமே முன்னால் முடிவானது. முடிவாகாத ஒன்றே ஒன்று பாடுகிறவரின் குரல். அந்த ஒரு குரலுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டி வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் மேடைக்குப் பின்னால் நடக்கும் எதுவும் புரிந்துவிடும்.

வேலை மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குகிறது. மார்ச் மாதத்தில் ஒவ்வொரு நாட்டுக் குழுவின் தலைவரும் நடத்தும் ஊருக்கு வந்து கூடுகிறார். மேடை எப்படி இருக்கும், தங்கள் பாட்டுக்கு என்ன வேண்டும், என்ன உடை, என்ன பொருள், எந்த வரியில் எந்தக் கோணம் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாடகர் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே அவர் பாட்டு மேடையேறிவிடுகிறது. எப்படி என்றால், உள்ளூர்க் கலைஞர்களும் மாணவர்களும் அவருக்குப் பதிலாக நின்று நடக்கிறார்கள், ஆடுகிறார்கள், பாடுவதுபோல் வாயசைக்கிறார்கள். கேமராவும் விளக்கும் அவர்களை வைத்துத்தான் சரிசெய்யப்படுகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளின் ஒவ்வோர் அசைவையும் கற்று, யாருக்கும் முகம் தெரியாமல் போகிறவர்கள் இவர்கள். எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

அப்புறம் பாடகர் வருகிறார். முதல் ஒத்திகைக்கு மேடையில் 30 நிமிடம், இரண்டாவது ஒத்திகைக்கு 20 நிமிடம் கிடைக்கும். பொருள்களை வைத்து எடுக்கும் நேரமும் இதற்குள்தான். மூன்று நான்கு முறை பாடி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். முடிந்த கையோடு பார்வை அறைக்குப் போய், எடுத்த பதிவைப் பெரிய திரையில் பார்ப்பார்கள். ‘இந்த இடத்தில் முகம் இருட்டாக இருக்கிறது’, ‘இந்த ஷாட் இரண்டு நொடி முன்னால் வர வேண்டும்’ என்று குறிப்புகள் போகும். நிகழ்ச்சிக் குழு சிலதை ஏற்கும், சிலதை மறுக்கும். பணம் உள்ள நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் வேறுபாடு தெரியும் இடமும் இதுதான். மேடை, ஒலி, விளக்கு எல்லாருக்கும் பொது. ஆனால் தனியாக வேண்டும் என்று கேட்கும் பெரிய பொருள்களுக்கு அந்தந்த நாடே செலவழிக்க வேண்டும்.

பொருள்கள் என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2014இல் உக்ரைன் ஓர் ஆள் உள்ளே ஓடும் அளவுக்குப் பெரிய சக்கரத்தைக் கொண்டுவந்தது. 2022இல் செர்பியாவின் கொன்ஸ்ட்ராக்டா பாட்டு முழுக்க ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே பாடினார். 2023இல் பின்லாந்தின் காரியா மரப்பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். 2024இல் வென்ற சுவிட்சர்லாந்தின் நெமோ, சாய்ந்து சுழலும் ஒரு தட்டின் மேல் ஏறி நின்று உச்சஸ்தாயியில் பாடினார். இவை ஒவ்வொன்றும் அந்த 40 நொடிக்குள் வந்து, இன்னொரு 40 நொடிக்குள் போக வேண்டும்.

அந்த 40 நொடி இப்படிப் போகும். பாட்டு முடிந்து கைத்தட்டல் ஓயும் முன்பே கறுப்பு உடை அணிந்த பணியாளர்கள் மேடையேறிவிடுவார்கள். சக்கரம் பூட்டிய பலகைகளில் பொருள்கள் உருண்டு போகும். ஒரு கூட்டம் தரையில் கிடக்கும் காகிதத் துணுக்குகளைக் கூட்டும், இன்னொரு கூட்டம் ஈரத்தைத் துடைக்கும். தரையே எல்இடி திரையாக இருந்தால் ஒரு துளி தண்ணீரும் ஆபத்து. அடுத்து ஆடப்போகிறவர் வழுக்கி விழலாம். எந்தப் பொருள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் குறிகள் உண்டு. யார் எந்தக் கதவு வழியாக வர வேண்டும், யார் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதும் முன்பே எழுதப்பட்டது. மேடை மேலாளர் ஹெட்செட்டில் மீதி நொடிகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பாடகரின் மைக் திறந்திருக்கிறதா, காதில் இசை கேட்கிறதா என்று ஒருவர் உறுதி செய்துவிட்டு விலகுவார். அவ்வளவுதான், போஸ்ட்கார்டு முடிந்து படம் மேடைக்கு வந்துவிடும். 26 பாட்டுகள் உள்ள ஓர் இறுதிச் சுற்றில் இது 25 முறை நடக்க வேண்டும். ஒரு முறைகூடத் தாமதிக்க இடமில்லை.

பாட்டுகளின் வரிசையைத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்வதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. 2012 வரை வரிசை குலுக்கலில் வந்தது. 2013இலிருந்து எந்தப் பாதியில் பாடுவது என்பதற்குப் பெரும்பாலும் குலுக்கல், சரியான இடத்தைத் தயாரிப்பாளர்கள் தீர்மானிக்கிறார்கள். கனமான பொருள்கள் உள்ள இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால் மேடையை 40 நொடிக்குள் மாற்ற முடியாது, மெதுவான மூன்று பாட்டுகள் சேர்ந்து வந்தால் நிகழ்ச்சி தூங்கிவிடும். ரசிகர்களுக்கு இதில் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. சாதகமான இடத்தைப் பிடித்த நாட்டைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் சண்டை வரும்.

சொல்லப்போனால் போஸ்ட்கார்டு இந்த வேலைக்காக வந்ததே இல்லை. 1969இல் நான்கு நாடுகள் ஒரே மதிப்பெண் பெற்று நான்குமே வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் பல நாடுகள் விலகி, 1970இல் ஆம்ஸ்டர்டாமில் 12 நாடுகளே பாடின. நிகழ்ச்சியின் நீளம் போதாமல் இடத்தை நிரப்ப வைத்த வீடியோக்கள்தான் இவை. பின்னால் அவை இல்லாமல் நிகழ்ச்சி நடத்தவே முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

பாடகரின் காதில் உள்ள கருவி பற்றி ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கானோர் கத்தும் அரங்கத்தில் தன் குரல் தனக்கே கேட்காது. காதில் வரும் இசையும் தன் குரலும் சரியான அளவில் கலந்திருந்தால்தான் சுருதி நிற்கும். 2003இல் ரிகாவில் பிரிட்டனின் ஜெமினி என்ற இருவர் குழு சுருதி விலகிப் பாடி ஒரு மதிப்பெண்கூட இல்லாமல் கடைசியில் நின்றது. மேடையில் இசை தங்களுக்குக் கேட்கவில்லை என்று இருவரும் பிறகு சொன்னார்கள். 2017இல் கீவ் நகரில் ஸ்பெயின் பாடகரின் குரல் உச்சத்தில் உடைந்தது. 5 மதிப்பெண்ணோடு கடைசி இடம். எத்தனை கணினி இருந்தாலும் அந்த இடத்தில் யாராலும் கை கொடுக்க முடியாது.

புதிதாகப் பார்ப்பவர்களை அதிகம் ஆச்சரியப்படுத்தும் செய்தி வேறு ஒன்று. இறுதிச் சுற்றின் மதிப்பெண்ணில் பாதி, அது நடக்கும் சனிக்கிழமை இரவுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நேரலைக்கு முன் முழு ஒத்திகைகள் உண்டு. முதல் நாள் மாலை நடக்கும் ஒத்திகைக்கு ஜூரி ஷோ என்றே பெயர். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாட்டின் இசைத்துறை நடுவர்களும் வாக்களிக்கிறார்கள். மறுநாள் நேரலையைப் பார்த்து மக்கள் வாக்களிக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சம எடை. ஆகவே பாடகர் வெள்ளிக்கிழமை இரவும் முழுத் தொண்டையோடு பாட வேண்டும், சனிக்கிழமை மதிய ஒத்திகையில் குரலைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், இரவில் மறுபடி முழுசாகப் பாட வேண்டும். வெள்ளிக்கிழமை தொண்டை கட்டிவிட்டால் மறுநாள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தப் பாதி திரும்பி வராது. 2023இலிருந்து 2025 வரை அரையிறுதிகளை மக்கள் வாக்கு மட்டுமே முடிவு செய்தது. 2026 போட்டிக்கான விதிகளில் நடுவர்கள் அரையிறுதிக்கும் திரும்பினார்கள், அவர்கள் எண்ணிக்கையும் நாட்டுக்கு 5இலிருந்து 7 ஆனது.

இந்த ஒத்திகைகளுக்கும் டிக்கெட் விற்பார்கள். அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒத்திகை, ஒரு நேரலை என ரசிகர்கள் முன்னால் 9 காட்சிகள் நடக்கின்றன. மதிப்பெண் அறிவிப்பையும் விட்டுவைப்பதில்லை. ஒத்திகையில் கற்பனை மதிப்பெண்களை வைத்து, கற்பனை வெற்றியாளரை மேடைக்கு அழைத்து, வென்ற பாட்டை அவர் மறுபடி பாடுவது வரை நடத்திப் பார்ப்பார்கள். பாடகர்கள் முடிவுக்காகக் காத்திருக்கும் இடத்தில் கேமரா வெற்றியாளரின் சோபாவைக் கண்டுபிடித்து அவரோடு மேடை வரை ஓடும் பாதையையும் பழக வேண்டுமே.

எவ்வளவு பழகினாலும் தவறு நடக்கும். 1958இல் ஒளிபரப்புக் கோளாறால் இத்தாலியின் டொமெனிகோ மொதுன்யோ பாடியது பல நாடுகளில் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் பாடி முடித்த பிறகு அவர் மறுபடி பாடினார். 2010இல் ஆஸ்லோவில் ஸ்பெயினின் பாட்டுக்கு நடுவே ஒருவர் மேடையேறிவிட்டார். ஸ்பெயினுக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. 2018இல் லிஸ்பனில் பிரிட்டனின் சூரி பாடும்போது ஒருவர் அவர் கையிலிருந்த மைக்கையே பறித்துப் பேசினார். காவலர்கள் அவரை இழுத்துச் சென்றதும், சூரி மைக்கைத் திரும்ப வாங்கி அதே வேகத்தில் பாடி முடித்தார். மறுபடி பாடலாம் என்று கேட்டபோது, வேண்டாம் என்றார், பாடிய விதத்தில் தனக்கு நிறைவு என்று. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், காத்திருக்காது என்பது அவர் உடம்பில் எவ்வளவு ஊறியிருந்தால் அந்த நிலையில் அப்படி விட்ட இடத்தில் சேர முடியும்!

2022இல் டுரினில் தவறு மேடையிலேயே இருந்தது. சூரியனைப் போன்ற பெரிய வளைவுகள் சுழன்று, ஒரு பக்கம் திரையும் மறுபக்கம் விளக்குமாக மாறும் என்பது திட்டம். ஒத்திகைக்கு நாடுகள் வந்தபோது அவை நினைத்தபடி நகரவில்லை. வளைவை நம்பித் திட்டமிட்ட குழுக்கள் சில நாளில் தங்கள் காட்சியை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஒத்திகை ஏன் அவ்வளவு முக்கியம் என்று காட்டியது 2021, ராட்டர்டாம். அரையிறுதிக்கு முதல் நாள் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. அவர்கள் அறையைவிட்டு வெளியே வரவே முடியவில்லை. அரையிறுதியிலும் இறுதியிலும் அவர்களுடைய ஒத்திகைப் பதிவுதான் ஒளிபரப்பானது. அந்தப் பதிவை வைத்தே 4ஆம் இடம் பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மான்டேன் பயணமே செய்ய முடியாமல், ஊரிலேயே முன்னேற்பாடாக எடுத்த பதிவின் மூலம் போட்டியிட்டார். பின்னணிக் குரல்களைப் பதிவு செய்து கொண்டுவரலாம் என்ற தளர்வும் அந்த ஆண்டு, பயணிக்கும் ஆட்களைக் குறைப்பதற்காக வந்ததுதான். கொரோனா போன பிறகும் அது போகவில்லை.

மேடையைவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஆட்களின் வாழ்க்கை தெரியும். ஹோட்டல், பேருந்து, அரங்கம், பேட்டி, மறுபடி ஹோட்டல். இரண்டு வாரத்துக்கும் மேல் இதே சுற்றுதான். ஒவ்வொரு நாட்டுக் குழுவோடும் உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் கூடவே இருப்பார். சாப்பாடு எங்கே, மருந்துக் கடை எங்கே, ஒத்திகைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். பாடகர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். நேற்று வரை சின்ன அரங்குகளில் பாடியவர்கள் திடீரென்று கோடிக்கணக்கானோர் முன் நிற்கிறார்கள். எங்கே திரும்பினாலும் ஒரு கேமரா.

2024இல் மால்மோவில் அது எல்லை மீறியது. இஸ்ரேல் பங்கேற்பை ஒட்டி வெளியே போராட்டங்கள், உள்ளே குழுக்களுக்கிடையே இறுக்கம். தங்களைச் சம்மதமின்றிப் படமெடுப்பதாகச் சில குழுக்கள் புகார் சொன்னார்கள். ஒளிப்பதிவாளர் ஒருவரோடு நடந்த மோதல் குறித்த புகாரில் நெதர்லாந்துப் பாடகர் இறுதிச் சுற்றுக்கு முன் நீக்கப்பட்டார். சில மாதங்களில் ஸ்வீடன் அரசு வழக்கறிஞர் அந்த வழக்கைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு பாசல் போட்டிக்கு நடத்தை விதிகள் வந்தன. மேடைக்குப் பின்னால் யாரும் படமெடுக்கக் கூடாத பகுதிகள் ஒதுக்கப்பட்டன, சில ஒத்திகைகள் மூடிய கதவுக்குள் நடந்தன. இது 1999இலேயே வந்திருக்க வேண்டிய மாற்றம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் திட்டமிடத் தெரிந்தவர்கள், பாடுகிறவர் பத்து நிமிடம் தனியாக உட்கார ஓர் அறை வேண்டும் என்பதைத் திட்டமிட இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். அரசியல் பிளவு மட்டும் எந்த விதியாலும் அடங்கவில்லை. 2026 வியன்னா போட்டியில் இஸ்ரேலுக்கு இடமுண்டு என்றானதும் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை விலகின.

வாக்கு எண்ணும் இடம் இதைவிட அமைதியானது, ஆனால் அங்கும் விழிப்பு வேண்டும். 2022இல் ஓர் அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர்கள் வாக்களித்த விதம் சந்தேகத்துக்கு இடமாக இருந்ததால், அந்த மதிப்பெண்களை ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கணக்கிட்டு எடுத்த மதிப்பெண்களைச் சேர்த்தார்கள். வென்றவருக்குப் பணப்பரிசு கிடையாது. மைக் வடிவில் ஒரு கண்ணாடிக் கோப்பை மட்டும். நெமோவின் கையில் அதுவும் அன்றிரவே உடைந்துபோய், வேறொன்று கொடுத்தார்கள்.

பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதா? மே மாதத்தில் ஒரு செவ்வாய், ஒரு வியாழன், ஒரு சனி. மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 9 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு தாண்டி 12.30. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகாலை 3 மணி. போட்டியின் யூடியூப் பக்கத்தில் நேரலை வரும். 2023இலிருந்து பங்கேற்காத நாட்டுக்காரர்களும் இணையத்தில் பணம் கட்டி வாக்களிக்கலாம். அந்த வாக்குகள் எல்லாம் சேர்ந்து ‘உலகின் பிற பகுதி’ என்று ஒரே ஒரு நாட்டின் மதிப்பெண்ணாகக் கணக்கில் வரும். சூரிச்சிலும் ஆஸ்லோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் உறவினர்கள் அந்தந்த நாட்டுக் கணக்கில் வாக்களிப்பார்கள், ஆனால் தங்கள் நாட்டுப் பாட்டுக்குத் தாங்களே வாக்களிக்க முடியாது. முழு இரவும் விழித்திருக்க முடியாதவர்கள் இரண்டாம் அரையிறுதியை மட்டும் பாருங்கள். இறுதிச் சுற்றைவிட அது குட்டை, வாக்கு அறிவிப்பும் சீக்கிரம் முடிந்துவிடும்.